துணியம்மன்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய தங்கச்சி இன்றைக்கும் என் ஜீப்பில்தான் வேலைக்கு வருகிறாள். அவள் இதையெல்லாம் படிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் படித்தவர்கள் யாராவது போய்ச் சொல்லித் தொலைப்பார்கள். அவளுக்குத் தெரியக் கூடாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. அதுவும் போக, எங்கள் லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பு வரிசையில், யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாஸ்க்கண்ணன் என்றால்தான் தெரியும்.

கொரோனா வந்தபோது ஊரே மாஸ்க் போட்டது, போனதும் கழற்றி எறிந்தது. இவர் அதற்கு முன்பே போட்டவர், பிறகும் கழற்றாதவர். பெண் பார்க்கப் போன இடத்திலும் கழற்றவில்லை, அதனால்தான் கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை, ஆனால் சொல்வதற்கு நன்றாக இருக்கிறது.

வேலை, ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பது. ஆனைக்கரையிலிருந்து வண்டன்மேடு வரைக்கும் எந்த எஸ்டேட்டைக் கேட்டாலும் இந்த வேலை எப்படி என்று சொல்வார்கள். டிரம்மில் மருந்தைக் கலக்கி, மோட்டார் வைத்து, ஹோஸை இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஏலச்செடித் தட்டையின் தூரிலும் பீய்ச்சி அடிக்க வேண்டும். அடிக்கிற ஆட்கள் வாயில் ஒரு தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். அதையும் இடையில் அவிழ்த்துவிட்டுப் பீடி குடிப்பார்கள். இவர் மட்டும் போனில் ஆர்டர் போட்டு வாங்கிய, பன்றி மூஞ்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மாஸ்க்கை மாட்டுவார். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட்டுத் துணி மாஸ்க்கைப் போட்டுக்கொள்வார். மருந்து பட்ட சட்டை, டவுசரை ஒரு பையில் திணித்து என் ஜீப்புக்கு வெளியே, ஸ்டெப்னி டயரில் கட்டித் தொங்கவிடுவார். உள்ளே கொண்டுவர மாட்டார். லயத்துக்கு வந்ததும் மார்கழிக் குளிராக இருந்தாலும் பின்னால் தொட்டியில் குளித்துவிட்டுத்தான் வாசல்படி ஏறுவார்.

இத்தனை எச்சரிக்கையாக இருந்தும் அவருக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. எப்போது போனது என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் ஜீப்பை நிறுத்தினால் அந்த வாசனையில் எனக்குத் தலை கிறுகிறுக்கும். அவர் என் முகத்தைப் பார்த்து, "வாசம் அடிக்குதா தம்பி?" என்று கேட்பார். அடிக்குது என்பேன். ஏதோ அவரே மோந்துவிட்ட மாதிரி தலையாட்டுவார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். காலையில் கம்பம்மெட்டில் கீழேயிருந்து வருகிற பெண்களையும், லயங்களில் நிற்கிறவர்களையும் ஏற்றிக்கொண்டு அன்றைக்கு எந்த பிளாக்கில் வேலையோ அங்கே இறக்கிவிடுவேன். முன் சீட்டு மாஸ்க்கண்ணனுக்கு. ஏறியதும் போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்து ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் போடுவார். பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் இல்லை. உலகம் அழிந்துபோன பிறகு நடக்கிற கதைகள் மட்டும்தான் அவருக்கு வேண்டும். ஒன்றில் கடல் வற்றிவிட்டது, தரை தட்டிய கப்பல்களுக்குள் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். இன்னொன்றில் காற்று கெட்டுப்போய் ஆளுக்கொரு குழாயை மூக்கில் செருகிக்கொண்டு திரிகிறார்கள், அந்தக் குழாய்க்காக அடித்துக்கொண்டு சாகிறார்கள். மற்றொன்றில் மழை வந்தால் எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள், பட்டால் தோல் உரிந்துவிடுமாம். பாதிப் படங்களில் பேச்சு ஜப்பான் பாஷை, கீழே இங்கிலீஷ் எழுத்து. அவர் எழுத்தைப் படிக்கிறாரா, படத்தைப் பார்த்து அவரே கதை கட்டிக்கொள்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பாட்டுப் போடச் சொல்லிக் கத்துவார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தது செல்லத்தாயக்கா. லயத்தில் மூத்த பெண், ஆடி மாசத்தில் சாமியாடுகிறவர். "காலங்காத்தால எழவு வீட்டப் போட்டுக் காட்டுறாரு பாரு" என்று அவர் சொன்னால் ஜீப்பே சிரிக்கும். மாஸ்க்கண்ணனும் மாஸ்க்குக்குள் சிரிப்பார். ஆனால் நிறுத்த மாட்டார்.

மழையே பெய்யாமல் போன அந்தக் கோடையில் தட்டைகள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. முதலாளிமார் மலைச்சரிவுக்கெல்லாம் பச்சை நெட் இழுத்துக் கட்டினார்கள். அதற்கடியில் மாஸ்க் போட்ட ஒரு ஆள் டிரம்மை உருட்டிக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்து பார்த்தபோது, இந்த ஆள் போனில் என்ன பார்க்கிறார் என்று எனக்கே புரிந்தது. அதற்கப்புறம் நானும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

எல்லாக் கதையிலும் கடைசியில் நாலு பேர் பிழைத்துக் கிடப்பார்கள். படம் அவர்களைப் பற்றியது. மாஸ்க்கண்ணனுக்கு அவர்கள் மேல் பெரிய அக்கறை கிடையாது. "யாராச்சும் ஒருத்தன் முன்னாடியே சொல்லியிருப்பான் தம்பி. உள்ள போகாதீங்க, தொடாதீங்கன்னு நாயாக் கத்தியிருப்பான். அவனை மட்டும் காட்டவே மாட்டாய்ங்க" என்பார். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது.

தோட்டத்தில் அந்த ஆள் அவர்தான். மருந்தடித்த பிளாக்குக்குள் யாராவது கால் வைத்தால் எங்கிருந்தாலும் ஓடிவருவார். ஒருமுறை கம்பத்திலிருந்து வந்த ஒரு பெண் கொய்யாப்பழம் பறித்துக் கடிக்கப் போனாள். வாயருகில் இருந்ததைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டார். அவள் விட்ட வசவை இங்கே எழுத முடியாது. மழை பெய்து கழுவட்டும், அப்புறம் மரத்தையே தின்றுகொள் என்று இவர் பதிலுக்குச் சொன்னார். அன்றைக்கு எல்லோருக்கும் அவர் மேல் எரிச்சல், எனக்கும்தான்.

அவர் சொன்ன கதைகளில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லாம் அழிந்து ரொம்பக் காலத்துக்குப் பிறகு ஒரு பையன் ஊர் ஊராக நடந்து போகிறான். ஒரு ஊரில் நடுவெளியில் துருப்பிடித்த ஓர் இரும்புக் கம்பம். அதில் ஏதோ எழுத்து. எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் செத்துப்போய்விட்டதால் அந்த ஊர் ஜனங்கள் கம்பத்தைச் சாமியாக்கிவிட்டார்கள். பூப் போடுகிறார்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். எழுதியிருப்பது என்ன என்று பையனுக்குத் தெரியும். கீழே விஷம் புதைத்திருக்கிறது, கிட்ட வராதீர்கள் என்பதுதான் எழுத்து. இதைச் சொல்லிவிட்டு மாஸ்க்கண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "கும்புடுறாய்ங்க தம்பி, விழுந்து விழுந்து கும்புடுறாய்ங்க." நானும் சிரித்தேன்.

அவருக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கச்சி. அப்பா அம்மா போனபின் வளர்த்து, பக்கத்து லயத்திலேயே கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை கட்டப்பனையில் மூட்டை தூக்குகிற சுமட்டு வேலை. அவளும் காய் எடுக்க வருவாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அந்தக் கோடை முடிகிற சமயத்தில் மறுபடி உண்டானாள். வேலைக்கு வராதே என்று இவர் கெஞ்சினார். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் வயிற்றையே பார்த்துக்கொண்டு பைத்தியம் பிடித்துவிடும் என்று அவள் கேட்கவில்லை. கடைசியில், மருந்து இருக்கிற இடத்துக்கு மட்டும் வரக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினார். இந்தத் தடவை பிள்ளை தங்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வாயில் அப்போது வேறு பேச்சே இல்லை.

சத்தியம் வாங்கியதோடு நிற்கிற ஆளா அவர்? அடையாளம் வேண்டும் என்றார். அதுவரைக்கும் உரச்சாக்கைக் கிழித்து வேலியில் கட்டுவார். மூடுபனியில் அது தெரியாது, தெரிந்தாலும் பெண்கள் விறகு கட்ட எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தடவை சிவப்புத் துணி வாங்கினார். ஆனைக்கரையில் சிவப்புத் துணி மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைப்பது பூஜைச் சாமான் கடையில்தான். ஓரத்தில் மெல்லிய ஜரிகை ஓடுகிற துணி. அதைக் கொண்டுபோய் மேல் பிளாக்கில் தொட்டியருகே, மருந்து கலக்குகிற இடத்தில் நிற்கும் பலாமரத்தில் சுற்றிக் கட்டினார். தோட்டத்திலேயே மோசமான இடம் அது. வருஷக்கணக்காக டிரம்மிலிருந்து சிந்திச் சிந்தி மரத்தடியில் ஒரு புல் முளைக்காது. துணியை மூலைக்குக் கட்டினால் பறந்துவிடும் என்று இடுப்புச் சேலை மாதிரி மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். எங்கள் ஆள்தான், எங்கள் ஜனத்தைத் தெரிந்தவர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் மூளை ஜப்பானில் இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. மழையில் மருந்தடி கிடையாது. அவர் குமுளிப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார், இருட்டிய பிறகு வந்து படுப்பதோடு சரி. டிரம்மும் மோட்டாரும் ஸ்டோருக்குப் போய்விட்டன. துணி மட்டும் மரத்தில் இருந்தது.

களை பறிக்கப் போன பெண்கள் அதைப் பார்த்தார்கள். மழைக்கு ஒதுங்கி நின்றபோது செல்லத்தாயக்காவுக்கு உடம்பு சிலிர்த்து ஆட்டம் வந்துவிட்டது. புல் பூண்டு முளைக்காத இடம், அம்மா உட்கார்ந்திருக்கிற இடம் என்று அவர் வாயில் வந்தது. மரத்தடியில் செத்துக் கிடந்த தேனீக்களையும் காட்டி, காட்டுப் பூச்சிகூட அவள் காலில் வந்து விழுகிறது என்றார். அடுத்த நாள் குங்குமம் வந்தது, அதற்கடுத்து எலுமிச்சை, ஒரு அகல் விளக்கு. யார் வைத்த பெயரோ, துணியம்மன். நான் ரோட்டில் நிற்கிறவன். பெண்கள் மேல் பிளாக்கில் பொங்கல் வைத்தார்கள் என்று காதில் விழுந்தபோது ஏதோ நேர்த்திக்கடன் என்றுதான் நினைத்தேன்.

ஆவணியில் மழை விட்டது. மருந்தடிக்கக் கூப்பிட்டார்கள். டிரம்மையும் அவரையும் நான்தான் ஜீப்பில் கொண்டுபோனேன். பலாமரத்தருகே பெண்கள் கூட்டம். மரத்துக்கு மாலை, மஞ்சள், நாலைந்து குட்டித் தொட்டில்கள். தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. மரத்தடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தாள், நெற்றியில் வைத்தாள், மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். புற்றுக்கோயிலில் எல்லோரும் செய்வதுதான். அண்ணனைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து, விரலில் இருந்த மண்ணை நீட்டினாள்.

"நீயும் பூசிக்கண்ணே. தெனம் போடுறேன், இந்தத் தடவ குமட்டல்கூட இல்ல."

அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, மாஸ்க் இருந்தது. அவள் வாய்க்குள் விரலைவிட்டு மண்ணைத் தோண்டினார். என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி அவள் வாயில் ஊற்றிக் கொப்பளிக்கச் சொன்னார். அவள் பயந்துபோய்த் திமிறினாள். அவளை விட்டுவிட்டு மரத்தில் இருந்த துணியைப் பிய்த்து இழுத்தார், தொட்டில்களை அறுத்து எறிந்தார். இது சாமி இல்லை, நான் கடையில் வாங்கிக் கட்டிய துணி, இது மருந்து கலக்குகிற இடம் என்று கத்தினார். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாஸ்க்குக்குள் அவர் கத்தியது பாதி யாருக்கும் புரிந்திருக்காது.

தங்கச்சி மட்டும் பதில் சொன்னாள். "நீ கட்டுனேன்னு எல்லாருக்கும் தெரியும்ண்ணே. ஒன் கையால கட்ட வச்சவ அவதான்."

மருந்து இருக்கிற இடத்துக்கு வர மாட்டேன் என்று செய்த சத்தியத்தை அவள் மீறவும் இல்லை. மழையில் மருந்தடியே இல்லையே என்றாள். மண்ணுக்குள் இறங்கினது மழைக்குக் கழுவிப் போய்விடாது என்று சொன்னார். அவள் காதில் ஏறவில்லை.

சில நாட்களில் அவளுக்கு உதிரம் பட்டது. கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஜீப்பை ஓட்டினேன். வளைவுகளில் எத்தனை மெதுவாக ஓட்டினாலும் அவள் பின்னால் முனகுவது கேட்டது. அவர் முன் சீட்டில் உட்காரவில்லை, பின்னால் அவள் தலையை மடியில் வைத்திருந்தார். அன்றைக்கு மாஸ்க் இல்லை. பிள்ளை தங்கவில்லை. மண்ணைப் பற்றி டாக்டரிடம் சொன்னார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஏற்கனவே இரண்டு போயிருக்கிறதே என்றார் டாக்டர். துணியில் சுற்றிக் கொடுத்ததை மாப்பிள்ளையும் அவரும் கொண்டுவந்து, லயத்து ஆட்களைப் புதைக்கிற மேட்டில் புதைத்தார்கள். நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்க மனசு வரவில்லை.

அம்மனின் துணியைப் பிய்த்ததால்தான் இப்படி ஆயிற்று என்று லயம் முழுக்கப் பேச்சு. அவர் தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றார். நான் பழம் வாங்கிக்கொண்டு கூடப் போயிருந்தேன். மறுபடியும் அதையே, பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அங்கே சாமியே இல்லை, நான் கட்டின துணிதான், அவ்வளவுதான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"சாமி இல்லேன்னா எம் புள்ளய எடுத்தது யாருண்ணே?"

அந்த மருந்தை வருஷக்கணக்காக அந்த மண்ணில் ஊற்றிய கை யாருடையது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அந்தப் பதிலைக் கேட்கவில்லை. சாமியே எடுத்ததாக இருக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

அடுத்த வாரம் அவரே புதுச் சிவப்புத் துணி வாங்கி, அந்தப் பலாமரத்தில் மறுபடி கட்டினார். தங்கச்சியைக் கூட்டிப் போய்த் தூரத்தில் நிறுத்திக் கும்பிட வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். மருந்தடித்த ஒவ்வொரு பிளாக்கின் வாசலிலும் ஒரு துணி கட்டினார். அம்மா இறங்கியிருக்கா, துணி அவிழ்க்கிற வரைக்கும் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, மண்ணைத் தொடக் கூடாது என்று செல்லத்தாயக்காவிடம் சொன்னார். செல்லத்தாயக்கா எல்லோரிடமும் சொன்னார். ஒரு பெண் உள்ளே போகவில்லை. கொய்யாப்பழக்காரிகூடப் போகவில்லை. இத்தனை வருஷம் கத்தி நடக்காதது ஒரு பொய்யில் நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. போனில் படம் பார்ப்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார். முன் சீட்டில் சும்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்.

காய் பழுத்து நிற்கிறது, ஆள் உள்ளே போகவில்லை என்றால் எஸ்டேட் எத்தனை நாள் பொறுக்கும்? மேனேஜர் வந்தார். கோட்டயம் பக்கத்து ஆள், சத்தம் போடத் தெரியாத மனுஷர். பெண்களைக் கூட்டிவைத்து மலையாளம் கலந்த தமிழில் சிரித்துக்கொண்டே பேசினார். "தெய்வம் காட்டுல மழை நனைஞ்சு நிக்குது. அது சரியா? ரோட்டு சைடுல நல்லொரு தறை கட்டித் தராம், மேலே ஷீட்டு போடாம். விளக்கு வெக்கலாம், கரண்டு தராம். அப்புறம் தோட்டத்துக்குள்ள துணி வேண்டா, கேட்டோ." பெண்களுக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்குச் சிமெண்டுத் திண்டும் தகரக் கூரையும் டியூப்லைட்டும். முதலாளியே கும்பிடுகிற சாமியாகிவிட்டாள் என்று செல்லத்தாயக்கா கண் கலங்கினார்.

ஒரு இடத்துச் சாமியை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதென்றால் பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துப் போக வேண்டும். அந்த மண் இல்லாமல் சாமி வராது. யார் கையால் அம்மன் துணி கட்டிக்கொண்டாளோ அவர் கையால்தான் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். தங்கச்சிக்கு அதில் பெரிய பெருமை. பித்தளைச் செம்பை விளக்கிப் பொட்டு வைத்து அவளே அண்ணன் கையில் கொடுத்தாள். அந்த மண்ணைத் திண்டில் ஒரு சட்டியில் வைப்பார்கள், தினமும் வேலைக்குப் போகும்போது ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

காலையில் வெளிச்சம் வந்ததும் ஜீப்பில் ஏறினார். செம்பு மடியில். மேல் பிளாக்குக்கு வண்டியைத் திருப்பினேன். வேண்டாம், நேராகப் போ என்றார். சாமி அங்கேதானே இருக்கிறது என்றேன்.

"அந்த மண்ண எங் கையால அள்ளி அவ வாய்க்குக் குடுக்கச் சொல்றியா?"

ஓடைக்கரையில் நிறுத்தச் சொன்னார். இறங்கிக் குந்தி, குச்சியால் கிளறினார். ஸ்பிரேயரைக் கழுவுவது இங்கேதான் என்று தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். லயத்துக்குப் பின்னால் கீரைப்பாத்தி. ஒரு பிடி எடுத்து என் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாரு தம்பி." மோந்தேன். மண் வாசனைதான் வந்தது, ஆனால் அதற்குள் ஒரு நெடி இருந்த மாதிரியும் பட்டது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றேன். கொட்டிவிட்டார். தேயிலைச் சரிவில் ஒரு பிடி, அதையும் மோந்தேன், அதே சந்தேகம்தான். முதலாளி பங்களாவின் ரோஜாத் தொட்டி, அங்கே கிட்டவே போகவில்லை. காட்டோரம் போனோம். மேலேயிருக்கிற தோட்டத்துத் தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது என்றார். ஒரு செம்பு மண்ணுக்கு நாங்கள் அந்த மலையையே சுற்றினோம். எனக்கு ஒரு கட்டத்தில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. நான் தினமும் சாப்பிடுகிற கீரை அந்தப் பாத்தியில் வருவதுதான்.

கடைசியில் நிறுத்தச் சொன்ன இடத்தைப் பார்த்து நான் இறங்கவில்லை. லயத்து ஆட்களைப் புதைக்கிற மேடு. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. தும்பை பூத்திருந்தது, தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. அவர் நேராகப் போய் ஓரமாக இருந்த சின்ன மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஓடிப் போய்த் தோளைப் பிடித்தேன்.

"தப்புண்ணே. இத போயி சாமிக்கு வைப்பாகளா?"

"தப்புதான்" என்றார். கிளறிய மண்ணில் ஒரு மண்புழு நெளிந்தது. அதைக் குச்சியால் எடுத்துப் பக்கத்தில் விட்டார். "மருந்து படாத எடம் இது ஒண்ணுதான் தம்பி. வேற எங்க இருக்குன்னு காட்டு, அங்க போவோம்."

அவர் செம்பை நிரப்பி, மேலே வாழை இலையால் மூடினார்.

ரோட்டோரத்தில் மேளத்தோடு காத்திருந்தார்கள். செல்லத்தாயக்கா குலவை போட, அவர் செம்பைக் கொடுத்தார். தங்கச்சி முதல் சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்து வாயில் போட்டாள். அவர் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் பெண்கள் புதுத் திண்டில் கும்பிட்டுவிட்டு, துணி இல்லாத பிளாக்குகளுக்குள் காய் எடுக்க இறங்கினார்கள். முந்தின நாள் மருந்தடித்த பிளாக்கும் அதில் ஒன்று. அவர் ஓடிப் போய்த் தடுத்தார். அம்மாதான் ரோட்டுக்கு வந்துட்டாளே, இனி என்ன பயம் என்று அவரைத் தாண்டிப் போனார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஜீப்பில் என்னால் சும்மா வர முடியவில்லை. அந்த இரும்புக் கம்பத்து ஊர் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. அந்தப் பையன் அடுத்த ஊருக்குப் போயிருவான். அந்த ஊர அப்பறம் காட்டவே இல்ல."

சித்திரைக்கு முன் வேலையை விட்டுவிட்டுக் கீழே கம்பம் ஊருக்கு இறங்கிவிட்டார். அங்கே திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வேறு என்ன வேலை தெரியும் அவருக்கு? தங்கச்சி மறுபடி உண்டாகியிருக்கிறாள். தினமும் காலையில் திண்டு வந்ததும் ஜீப்பை நிறுத்தச் சொல்வாள். இறங்கி, ஒரு சிட்டிகை எடுத்து, நெற்றிக்கும் வாய்க்கும் போட்டுக்கொண்டு வந்து ஏறுவாள். மற்ற பெண்களும் எடுப்பார்கள். சட்டி சீக்கிரம் காலியாகும். காலியானால் அவர்கள் பழைய பலாமரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

அதனால் அவரிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பு எல்லாம் கிடையாது. "மண்ணு கொறஞ்சிருச்சா தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பார். நான் யாரும் பார்க்காத நேரமாக மேட்டுக்குப் போய் அள்ளி வந்து சட்டியில் போட்டுவிட்டேன் என்று சொல்வேன். சரி என்பார். பிறகு, இன்றைக்கு அவளை எந்த பிளாக்கில் இறக்கினாய் என்று கேட்பார். நான் சொல்வேன். அங்கே மருந்தடித்து எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேட்பார். அதையும் சொல்வேன், பெரும்பாலும் அது நேற்றாகத்தான் இருக்கும். அதற்குமேல் அவர் பேச மாட்டார், போனை வைக்கவும் மாட்டார். அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.